தட்டில் வந்த கொட்டேஷன்

போன வாரம் ஓர் இளம் இஞ்சினியர் எனக்குப் போன் செய்தார். தொழிலுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். குரலில் மரியாதை இருந்தது, சுறுசுறுப்பும் இருந்தது.

"மேடம், வேங்கிக்கால்ல ஒரு பார்ட்டி வீடு கட்டுறாங்க. மூணு பேர்கிட்ட கொட்டேஷன் கேட்டிருக்காங்க. நானும் ஒண்ணு குடுக்கணும். இப்ப சதுர அடிக்கு இன்னா ரேட்டு சொன்னா நிக்கும்?"

"மனையைப் பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேன் மேடம். மேப்புல."

அவர் மேற்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காது அடைத்துவிட்டது. "பொண்ணு பார்க்கிறதும் மேப்புலதானா தம்பி?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. அந்தச் சிரிப்புதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது.

இந்த ஊரில் வீடுகளுக்கு பிளான் போட்டே தலை நரைத்தவள் நான். ஆரம்ப காலத்தில் என் அலுவலகத்துக்குள் வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "சார் எப்ப வருவார்?" என்று கேட்பார்கள். நான்தான் சார் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. இப்போது அலுவலகத்தை மூடிவிட்டு வீட்டில் இருக்கிறேன். கம்பி எவ்வளவு, சிமெண்ட் எவ்வளவு என்பதையெல்லாம் இளம் இஞ்சினியர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் செல்போன் என்னைவிட வேகமாகச் சொல்லும். ஒரு குடும்பம் மூன்று கொட்டேஷன்களைக் கொண்டுவந்து நம் முன்னால் வைத்து, "எதுங்க நல்லது?" என்று கேட்கும்போது நம் வாயிலிருந்து என்ன வர வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கோபத்தோடுதான் சொல்வேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் படியுங்கள்.

அலுவலகத்தை மூடுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் தனலட்சுமி என்று ஒரு நர்ஸ் என்னிடம் வந்தாள். அவளுடைய கணவர் ஏழுமலைக்கு அடி அண்ணாமலைப் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. பயிர் வைப்பார், பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை போடுவார். அதிகம் பேசாத மனிதர். மகள் கவிதாவைப் போளூர் பக்கம் கட்டிக் கொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் ரமணாசிரமம் பகுதியில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அங்கே வாடகைக்கு இருப்பதென்றால் என்னவென்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். குளிர் ஆரம்பித்து வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்ததும், வருடம் முழுக்கக் குடியிருக்கிறவன் வீட்டுக்காரர் கண்ணுக்கு உறுத்த ஆரம்பித்துவிடுவான். "சீசன் முடியிற வரைக்கும் வேற எங்கனா இருந்துட்டு வாங்கம்மா, அப்பால பார்த்துக்கலாம்" என்பார். இவர்கள் பாத்திரம் பண்டத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏழுமலையின் அண்ணன் வீட்டுக்குப் போவார்கள். அங்கே மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறை. கவிதா பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தது அந்த அறையில்தான். மற்றவர்களுடைய பிள்ளைகளுக்கு இரவு பகலாக மருந்து கொடுத்தவள், தன் பிள்ளையை மாட்டு மூத்திர வாடையில் உட்கார வைத்துப் படிக்க வைத்தாள்.

அப்படிப்பட்டவர்கள் கடன் வாங்கி, நகையை வைத்து, வேங்கிக்காலில் ஒரு மனை வாங்கியிருந்தார்கள். வீடு கட்ட மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள் தனலட்சுமி.

முதலாவது, ஏ.சி. போட்ட அலுவலகம் வைத்திருந்த ஒரு பில்டருடையது. வழவழ அட்டையில் நீச்சல் குளத்தோடு ஒரு பங்களாப் படம். குடிக்கத் தண்ணீர் லாரி வருகிற தெருவில் வீடு கட்டப் போகிறவளுக்கு நீச்சல் குளப் படம்! இரண்டாவது, மேஸ்திரியாக இருந்து கான்ட்ராக்டராக வளர்ந்த சேகருடையது. அட்டையும் இல்லை, படமும் இல்லை. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கம்மி. அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

"இது இன்னாம்மா, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டேன்.

தனலட்சுமி சிரிக்கவில்லை. கதையைச் சொன்னாள். கவிதாவின் மாமனார் கோவிந்தசாமிக்குப் பாண்டியன் என்று ஒரு தம்பி. அவரும் வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலில் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை அண்ணனும் தம்பியும் மனைவிமாரோடு இவர்கள் வாடகை வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்த தாம்பூலத் தட்டு. அதன் மேல் கொட்டேஷன். கோவிந்தசாமி எழுந்து நின்று தட்டை நீட்ட, ஏழுமலையும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நீட்டிய தாம்பூலத்தை வாங்காமல் இருக்க முடியுமா? எங்கள் பக்கத்தில் அது முகத்தில் அறைவதற்குச் சமம். அதுவும் பெண்ணைக் கொடுத்த இடம். ஆனால் வாங்கிவிட்டால், ஒப்புக்கொண்டாயிற்று என்று அர்த்தம். பெண்ணை நிச்சயம் செய்வதே அப்படித்தானே! ஏழுமலை மரியாதைக்கு வாங்கினார். அவர்கள் அதைச் சம்மதமாக எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்தத் தொழிலில் எத்தனையோ தில்லுமுல்லு பார்த்திருக்கிறேன். சன்ஷேடையும் சதுர அடிக் கணக்கில் சேர்க்கிறவனைப் பார்த்திருக்கிறேன். ஒரே கம்பிக்கு இரண்டு வீட்டில் பில் போட்டவனையும் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதனின் மரியாதையையே கண்ணியாக வைத்துப் பிடித்ததை அன்றுதான் பார்த்தேன். கொட்டேஷன் என்றால் வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தைப் பூவும் பழமும் வைத்து அடைத்துவிட்டார்கள்.

"சரி, அது இருக்கட்டும். இந்த மூணு பேர்ல மனைக்கு வந்து பார்த்தது யாரு?" என்று கேட்டேன்.

தனலட்சுமி யோசித்தாள். "யாரும் வரலியே மேடம். வரணுமா?"

வரணுமா என்று அவள் கேட்டது அவள் தப்பில்லை. நாம்தான் ஊருக்கு அப்படிப் பழக்கி வைத்திருக்கிறோம். துணிக்கடையில் மீட்டர் விலை சொல்வது மாதிரி சதுர அடி ரேட்டைச் சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு அடியில் மண் என்று ஒன்று இருப்பதையே ஜனங்கள் மறந்துவிட்டார்கள். மூன்று பேர் மூன்று விலை சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் அந்த மண்ணில் கால் வைக்கவில்லை. எதை வைத்து விலை சொன்னார்கள்? அட்டைப் படத்தையா?

அன்றைக்கே தனலட்சுமியோடு மனைக்குப் போனேன். ரோட்டைவிடத் தாழ்வான இடம். ஏரிப் பக்கமாகச் சரிந்திருந்தது. மூலையில் கோரை முளைத்திருந்தது. கோரை முளைத்த இடத்தில் தண்ணீர் எங்கேயும் போகாமல் கீழேயே உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள எந்தப் படிப்பும் வேண்டாம். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அந்த வீட்டம்மா வெளியே வந்து, "மழை வந்தா எங்க ஊட்டு வாசல்ல தவளை கத்தும்மா. பூசி பூசி அலுத்துட்டோம், திருப்பி வெடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மூன்று பேருக்கும் ஒரே சேதி அனுப்பினேன். இந்தத் தேதியில் காலையில் மனைக்கு வாருங்கள், உங்கள் கண் முன்னால் குழி தோண்டிப் பார்க்கலாம், அதற்குப் பிறகும் அதே விலைதானா என்று சொல்லுங்கள் என்று.

ஏ.சி. அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். "அன்னைக்கு பௌர்ணமி கூட்டம் மேடம், ரோடு எல்லாம் பிளாக் பண்ணிடுவாங்க, சார் வர முடியாது." நான் சொன்ன தேதிக்கும் பௌர்ணமிக்கும் சம்பந்தமே இல்லை. நம் ஊரில் மற்றவர்களுக்கு மாதம் ஒரு பௌர்ணமி. வர விருப்பம் இல்லாதவர்களுக்குத் தினமும் பௌர்ணமி. அந்தக் கொட்டேஷனை அன்றைக்கே ஓரமாக வைத்தேன்.

அந்தக் காலையில் ஏழுமலை எனக்கு முன்பே மனைக்கு வந்து நின்றார். சேகர் வந்தார். பாண்டியனும் வந்தார். கூடவே யாரும் அழைக்காத கோவிந்தசாமியும் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார்.

குழி இடுப்பளவு இறங்குவதற்குள் மண்ணின் நிறம் மாறிவிட்டது. கறுப்புக் களி. மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் பக்கச் சுவரிலிருந்து தண்ணீர் கசிந்து வந்து அடியில் தேங்கியது. மழைக்காலம் இன்னும் தொடங்கக்கூட இல்லை.

சேகர் குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்தார். முகம் சுண்டியிருந்தது.

"மேடம், நான் குடுத்த ரேட்டு தப்பு. சாதாரண கடைக்கால் அஸ்திவாரம்னு நெனச்சுப் போட்டுட்டேன். இதுக்கு அது தாங்காது. ஆழமா போய்ப் பில்லர் எழுப்பணும், கீழ சுத்தி கான்கிரீட் பெல்ட் போட்டு இறுக்கணும். மாத்திக் குடுக்கிறேன். ஜாஸ்தி ஆவும்."

"இத கொட்டேஷன் குடுக்கிறதுக்கு முன்னாடி வந்து பார்த்திருந்தா இன்னா கேடு உங்களுக்கு?" என்று அவரை எல்லார் முன்னாலும் திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். பாராட்டெல்லாம் கொடுக்கவில்லை. தப்பை ஒத்துக்கொண்டதற்காக ஒருவரைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டிய நிலைமைக்கு நம் தொழில் வந்துவிட்டதா என்ன?

பாண்டியன் குழியில் இறங்கவே இல்லை. செருப்பில் களி ஒட்டாமல் தள்ளியே நின்றுகொண்டு, "இதெல்லாம் ஒரு விஷயமா? நாலு லோடு மொரம்பு மண்ணு கொட்டி, தண்ணி வுட்டு குத்துனா கல்லாட்டம் ஆயிடும். நான் எத்தினி வீடு கட்டிக்கிறேன்!" என்றார்.

"அந்தக் காம்பவுண்டும் அப்படித்தான் கட்டியிருப்பாங்க" என்று பக்கத்துச் சுவரைக் காட்டினேன். "இது வீடுங்க. உள்ள ஜனங்க படுத்துத் தூங்குவாங்க."

அதுவரை பேசாமல் நின்ற கோவிந்தசாமி ஏழுமலையைப் பார்த்துத் திரும்பினார். என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை.

"இன்னா மச்சான் இது? வீட்டுக்கு வந்து தட்டு குடுத்தோம். நீங்க ரெண்டு கையாலயும் வாங்குனீங்க. அன்னிக்கே முடிஞ்சு போச்சு. இப்ப என் தம்பிய தெருவுல நிக்க வெச்சுப் பரீட்சை வெக்கிறீங்களா?"

ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணனும் தம்பியும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த சில நாட்களில் போளூரிலிருந்து சேதி வந்தது. கார்த்திகை தீபத்துக்குக் கவிதாவைத் தாய் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களாம்.

வெளியூரிலிருந்து வந்து இங்கே தொழில் செய்கிறவர்களுக்கு இது புரியாமல் இருக்கலாம். இந்த ஊரில் தீபாவளிக்கு வராத பெண்கூடத் தீபத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்துவிடுவாள். மலையில் தீபம் ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் கட்டிக் கொடுத்த பெண்கள் நிற்பார்கள். கல்யாணமாகி முதல் தீபத்துக்கே பெண் வரவில்லை என்றால் அக்கம்பக்கத்தில் நூறு கேள்வி வரும். கோவிந்தசாமிக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு வீட்டு வேலைக்காக, மருமகளைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டார். இதைச் சொல்ல வேறு நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை, தேடவும் இஷ்டமில்லை.

அதற்குள் இன்னொரு கூத்தும் நடந்தது. உங்களில் ஒருவர், அப்போது தொழிலுக்குப் புதுசு, மனைப் பக்கமே போகாமல் பாண்டியனுக்காக வந்து, "அந்த மண்ணுக்கு இது போதும்" என்று ஏழுமலையிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வாக்கியம். ஏழுமலை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று தனலட்சுமி சொன்னாள். படித்த இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் படிக்காத மனிதர் யாரை நம்புவார்? பெயரைச் சொல்ல மாட்டேன். இதை அவர் படிப்பார் என்று நினைக்கிறேன். படித்தால் வெட்கப்படட்டும்.

பிறகு ஒரு மத்தியானம், டியூட்டி முடிந்த கையோடு, நர்ஸ் உடுப்பிலேயே தனலட்சுமி என் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரவில்லை.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், செய்வீங்களா? மூணு பேரும் ஒண்ணுதான்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க. பாண்டியன் கட்டினாலும் பரவாயில்லைன்னு உங்க வாயால ஒரு வார்த்தை. அவுரு மனசு ஆறிடும். நானும் ஆறிடுவேன். என் பொண்ணு தீபத்துக்கு வந்துடுவா."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "உன் ஆஸ்பத்திரியில வந்து, புண்ணு சீழ் பிடிச்சிருக்கு, ஆனா பரவாயில்லைன்னு சொல்லுங்க, வீட்ல சண்டை வராம இருக்கும்னு ஒருத்தர் கேட்டா சொல்லுவியா நீ?" என்று கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். உங்களுக்கும் இது வரும். பில்டர் பொய் சொல்லச் சொன்னால் மறுப்பது சுலபம். யாருக்காக நாம் உழைக்கிறோமோ அவர்களே கையைப் பிடித்துக்கொண்டு "பரவாயில்லைன்னு சொல்லுங்க" என்று கெஞ்சுவார்கள். அப்போதுதான் நாக்கு புரளும். இரக்கம் மாதிரிதான் இருக்கும் அது. ஆனால் நாம் பரவாயில்லை என்று சொன்னதால் களிமண் கெட்டியாகிவிடாது. நாம் மனிதர்களுக்கு மட்டும் பதில் சொன்னால் போதாது, மண்ணுக்கும் சொல்ல வேண்டும்.

கொஞ்சம் தணிந்து, அவளிடம் வேறு வழி சொன்னேன். "பழியை என் மேல போடு. அந்த இஞ்சினியர் பொம்பளை ஒத்துக்க மாட்டேங்கிறா, பிடிவாதக்காரி, அவ கையெழுத்து இல்லாம லோன் வராதுன்னு சொல்லு. அவங்க கோபமெல்லாம் என் மேல வரட்டும்." இதுவும் நம் வேலைதான். நாம் வாங்குகிற கூலியில், குடும்பத்துக்காகக் கெட்ட பெயர் வாங்குவதும் சேர்த்திதான். நான் பல வீடுகளுக்கு அப்படிப் பிடிவாதக்காரியாக இருந்திருக்கிறேன். பல சண்டைகள் அதனால் நின்றிருக்கின்றன.

தனலட்சுமி என்னைப் பார்த்தாள். "உங்க மேல கோவம்னா, உங்க பொண்ணையா மேடம் பிடிச்சு வெப்பாங்க?"

நான் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. கவிதாதான். துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்கு வந்து பேசுகிறாள் போலிருந்தது. காற்றின் சத்தம் கேட்டது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். தாய் சொன்னதும், "ஸ்பீக்கர்ல போடும்மா" என்றாள்.

"மேடம், ஒளிவு மறைவு இல்லாம சொல்லுங்க. எங்க சின்ன மாமனார் சொல்ற மாதிரி கட்டினா அந்த வீடு நிக்குமா?"

சின்னப் பெண். வேறு வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிற பெண். அவளிடமாவது கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை.

"விழுந்துடாதும்மா. ஆனா நிம்மதியா நிக்காது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு பக்கம் இறங்கும். சுவர் வெடிக்கும், கதவு மூடாது. பூசிக்கிட்டே இருக்கணும்."

 பிறகு அவள் தன் தாயிடம் பேசினாள்.

"அம்மா, கேட்டியா? வேணாம். எனக்காகன்னு சொல்லி அந்த வீட்டைக் கட்டிடாத. ஒரு கொட்டேஷனுக்கே என்னை அனுப்ப மாட்டேன்றாங்க. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நான் எங்கம்மா வந்து நிப்பேன்? பெரியப்பா வீட்டு மாட்டுக் கொட்டாயிக்கு மறுபடியும் போவ முடியுமா? நான் வந்து நிக்கிற வீடும்மா அது. அது ஒழுங்கா நிக்கணும்."

கீழே யாரோ கூப்பிடும் குரல் கேட்டது. போன் நின்றுவிட்டது. தனலட்சுமி அப்போதுதான் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழுமலையும் அவளும் போளூர் போனார்கள். நடந்ததைத் தனலட்சுமிதான் எனக்குப் பிறகு சொன்னாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஏழுமலை ஒரு பழக்கடைக்குப் போய், ஆப்பிளும் வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் தானே பார்த்துப் பார்த்து வாங்கினாராம். "நான்தான வாங்கினேன், நானே குடுக்கிறேன்" என்று மட்டும் சொன்னாராம். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் தட்டில் எல்லாவற்றையும் வைத்து, மேலே அந்த மஞ்சள் தடவிய கொட்டேஷனை வைத்து, கோவிந்தசாமி முன்னால் நீட்டியிருக்கிறார்.

"தொழில் வேற, உறவு வேற மச்சான். உங்க மேல மரியாதை இருக்குது, அதுக்குத்தான் பழம். வேலை உங்க தம்பிக்கு இல்ல."

கோவிந்தசாமி தட்டை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாராம். நீட்டிய தட்டை வாங்காமல் நிற்க முடியும் என்பதை அவரே அன்று செய்து காட்டிவிட்டார்! ஏழுமலை கொஞ்ச நேரம் ஏந்திக்கொண்டே நின்றுவிட்டு, அதை டி.வி. மேசை மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறார். கவிதா அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாளாம். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஒரு வார்த்தை பேச வழியில்லை.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. தீபத்துக்குக் கவிதாவை அனுப்பவில்லை. தனலட்சுமி அன்றைக்கு லீவு கேட்ட இன்னொரு நர்ஸுக்காகத் தானே டியூட்டி போட்டுக்கொண்டாள். ஊர் முழுக்க மாடியில் நின்று மலையைப் பார்த்தது. அவள் வார்டில் நின்றுகொண்டு யாருக்கோ டிரிப்ஸ் மாற்றினாள். நினைக்க நினைக்க இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. மண்ணைப் பார்க்காமல் விலை சொன்ன மூன்று ஆண்கள், அவர்களிலேயே பார்த்த பிறகும் பொய் சொன்ன ஒருவர், பார்க்காமலே தலையாட்டிய உங்களில் ஒருவர். இத்தனை பேர் செய்ததற்கும் சேர்த்துத் தண்டனை ஒரு தாய்க்கும் மகளுக்கும். நாலு பேரில் ஒருவருக்காவது அன்றைக்குச் சோறு இறங்காமல் போயிருக்குமா?

நான் இதைச் சொல்வது, உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களை நம்ப வைப்பதற்காக இல்லை. சரியாகாமல் போகலாம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சொன்னதால் நேருகிற கஷ்டத்தைச் சம்பந்தப்பட்டவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு சுமக்கலாம். சொல்லாமல் விட்டால், வீட்டுக்குள் குடிபோன பிறகு, என்ன ஆயிற்று என்றே தெரியாமல் சுமப்பார்கள்.

தீபம் முடிந்து சில நாட்களில் சேகர் புதுக் கொட்டேஷனோடு வந்தார். இந்த முறை மனையில் நான்கு மூலையிலும் குழி எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டது. அவர் சொன்ன மாதிரியே ஜாஸ்தி. மண்ணுக்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாமல் புதையப் போகிற கான்கிரீட்டுக்கே பெரும் பங்கு போனது. ஏழுமலையும் தனலட்சுமியும் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, பிளானில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். போர்டிகோ வேண்டாம். மாடி பிறகு பார்த்துக்கொள்ளலாம். டைல்ஸ் சாதாரணமானது போதும். காம்பவுண்டு இப்போது வேண்டாம், முள்வேலி போதும். மிஞ்சியது ஒரு ஹால், அடுப்படி, இவர்களுக்கு ஓர் அறை, மகனுக்கு ஓர் அறை. ஒருவழியாகக் கணக்கு சேர்ந்தது. சேகர் மூச்சு விட்டுக்கொண்டு பேனாவை மூடினார்.

தனலட்சுமி பிளானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு ரூம் போடுங்க மேடம். கவிதாவுக்கு."

சேகர் என்னைப் பார்த்தார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கான்ட்ராக்டர் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். "அக்கா, காசு இல்லைன்னு போர்டிகோவ எடுத்தீங்க, மாடிய எடுத்தீங்க. பொண்ணுக்குத்தான் கல்யாணம் ஆயி போயிடுச்சே. இப்ப எதுக்கு அதுக்கு ஒரு ரூம்?"

"கட்டிக் குடுத்தோம் சேகரு. தலைமுழுகல."

நான் ஸ்கேலை எடுத்தேன். இத்தனை வருடத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பிளான் போட்டிருக்கிறேன். மகனுக்கு அறை கேட்பார்கள், வரப்போகிற மருமகளுக்குச் சேர்த்துப் பெரிதாகக் கேட்பார்கள், பூஜைக்குக் கேட்பார்கள், காருக்குக் கேட்பார்கள். கல்யாணம் செய்து கொடுத்த மகளுக்கு அறை வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. ஆனால் அந்தத் தாளில் இடம் இல்லை. கடைக்கால் அளவு முடிவாகிவிட்டது, அதற்கு மேல் ஓர் அடிகூட நகர்த்த அவர்களிடம் வசதி இல்லை. இருக்கிற சுவர்களுக்குள்தான் எதையாவது குறைத்தாக வேண்டும்.

"ஒரு ரூம் வரணும்னா ஹாலைத்தான் வெட்டணும். ஹால் ரொம்ப சின்னதா போயிடும். வீட்டுக்கு நாலு பேர் வந்தா உட்கார இடம் இருக்காதும்மா" என்றேன்.

தனலட்சுமி கணவரைப் பார்த்தாள். ஏழுமலை, தாளில் ஹால் இருந்த இடத்தின் மேல் விரலை வைத்தார்.

"வெட்டுங்க மேடம். சம்பந்தி வந்தா நின்னுக்கினே பேசிட்டுப் போவட்டும்."

வெட்டினேன்.